ஐந்து மணிக்கு ஒரு வாய்

எனக்குச் சூடு தெரியாது. பரோட்டாத் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. காய்ந்து கிடக்கிற கல்லில் இருந்து ஆறேழு பரோட்டாவை வெறுங்கையால் அள்ளி அடுக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நான் அடிக்கிற அடியில் அது பூவாக உதிரும். எண்ணெய் முழங்கை வரைக்கும் தெறிக்கும். ஒரு நாளும் முகம் சுளித்தவன் இல்லை. தென்காசிப் பக்கம் என் காலத்தில் கல்லில் நின்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த ஒட்டுறவு முடிந்தது. எச்சில் இலை எடுத்தேன், மாவு பிசைந்தேன், கல்லுக்கு வந்தேன். பிறகு குற்றாலம் போகும் சாலையில் ஓலைக் கொட்டகை போட்டு எனக்கென்று ஒரு கடை. இப்போது அதே இடத்தில் மாடி நிற்கிறது. சீசன் நேரத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள், உள்ளே இலை காலியாகட்டும் என்று வாசலில் காத்து நிற்பார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மலையாளத்துக்காரர்கள் இதற்கென்றே வண்டி பிடித்து வருவார்கள். எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இரண்டு கையும் ஒரு நாக்கும்தான் நான் போட்ட முதல்.

அந்த நாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் இலை போடுவதற்கு முன்னால் நான் ருசி பார்க்க வேண்டும். நான் "சரி" என்று சொல்லாமல் சால்னா அண்டாவுக்குள் பரிமாறுகிற கரண்டி இறங்காது. கடை திறந்த நாளில் இருந்து இதுதான் சட்டம். அடுப்படியில் நிற்கிற சால்னா மாஸ்டர் என்னிடம் இருபது வருடமாக இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. அவர்கூடத் தொட்டு நாக்கில் வைத்தது கிடையாது. வைக்க நான் விட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு நாள் அண்டாவை இறக்கும்போது சால்னா தளும்பி என் இடது கால் மேல் ஊற்றியது. கொதித்துக்கொண்டிருந்த சால்னா. அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. துண்டால் துடைத்துவிட்டுச் சிரித்தேன்.

"பாத்தியாலே? கையி மட்டுமில்ல, காலும் பழகிப்போச்சு."

அன்று முழுக்க வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்தேன். நான்காம் நாள் என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் நடந்த இடத்தில் எல்லாம் ஈரமாக ஒரு பொட்டு இருந்தது. காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு மெல்லிய நைலான் நரம்பு மாதிரி எதையோ வைத்து என் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார்.

"தெரியுதா?"

"எது?"

"குத்துறது."

"எப்பக் குத்துனீங்க?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார், "காலு பழகல பெரியவரே. உணர்ச்சி போய்க்கிட்டிருக்கு. சர்க்கரை எத்தன வருஷமா?"

சர்க்கரை என்று சொல்லி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்த நாளில் போட்டேன். மாவு மூட்டை தூக்கின உடம்புக்கு ஒரு பொட்டு மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். அன்று எடுத்த ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி என்று ஒன்று பார்த்தார்கள். அது எக்கச்சக்கம். காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் நிறம் மாறியிருந்தது.

"சர்க்கரை எறங்கணும், புண்ணு ஆறணும். ரெண்டும் நடக்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

பரோட்டாக் கடைக்காரன் நின்று பிழைக்கிறவன். உட்கார்ந்து முதலாளித்தனம் பண்ணுகிறவர்கள் வேறு சாதி. எனக்கு அந்த விரல் வேண்டும். அந்தக் கால் வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியில் அதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

செய்தி அந்தமானுக்குப் போய்விட்டது. என் மனைவியின் தம்பி அங்கே குடியேறி ரொம்பக் காலம் ஆகிறது. அவனுக்கும் சர்க்கரை. அவன் அதை அடக்கிவிட்டான் என்று வீட்டில் அடிக்கடி பேச்சு வரும், நான் காதில் வாங்கியதில்லை. அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது.

"அத்தான், காலு சுடலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சீங்களாமே?"

"வைலே போன."

"வைக்கதுக்கா கூப்பிட்டேன்? நான் சொல்லுததக் கேளுங்க. எங்க தெருவுல பதினாலு பேருக்குச் சர்க்கரை. கப்பல் வரலைன்னா எங்களுக்குக் காய்கறியே கெடையாது. அதனால வீட்டுக்கு வீடு கீரை போட்டுருக்கோம், பயறு போட்டுருக்கோம். விடியக்காலம் மேட்டுல ஏறுவோம். வராதவன் வீட்டு வாசல்ல நின்னு அவன் எந்திரிக்க வரைக்கும் கூப்பாடு போடுவோம். கறி, மீனு, முட்டை எல்லாத்தையும் விட்டாச்சு."

"மீனையுமா?"

"மீனையுந்தான். சுத்திக் கடலு. நடுவுல ஒக்காந்து மீனை விட்டவன் நான். ஒங்களால ஒரு கோழியை விட முடியாதாக்கும்?"

போனை வைத்தபிறகும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் டவுசர் போட்ட காலத்தில் இருந்து அவனை நான் பார்க்கிறேன். அருவித் தண்ணீருக்குப் பயந்து அக்காள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பயல். அவனுக்கு முடியும், எனக்கு முடியாதா?

மறுநாள் என் மனைவியிடம் சொன்னேன், "இன்னையில இருந்து இந்த வீட்டுல எனக்குக் கறி கெடையாது. மீனு, முட்டை, பாலு ஒண்ணும் கெடையாது. அரிசிச் சோறும் கெடையாது."

"எத்தன நாளைக்கு?" என்றாள்.

"சாவுத வரைக்கும்."

"பாப்போம்," என்றாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த வியாபாரிகள் உண்டு. கடைக்கு வெங்காயமும் தக்காளியும் எடுக்கிற டெம்போவிலேயே வீட்டுக்கும் புடலங்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, சீனியவரைக்காய் என்று வர ஆரம்பித்தது. திருவேங்கடம் பக்கத்தில் இருந்து குதிரைவாலி வாங்கினாள். காலையில் முளைகட்டின தட்டாம்பயறு. மத்தியானம் கைப்பிடிக் குதிரைவாலிச் சோறு, தட்டு நிறையக் காய், காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையல். ராத்திரி கீரையும் சுண்டலும். கொத்தவரையைத்தான் எங்கள் பக்கம் சீனியவரைக்காய் என்போம்; அது முதல் நாள் இலையில் விழுந்தபோது, "பேருலயே சீனிய வச்சுருக்காம்லா, எனக்கு எதுக்கு இது?" என்றேன். "பேரத் திங்காதீங்க, காயத் திங்குங்க," என்றாள்.

அடுத்தது உடற்பயிற்சி. புண் ஆறும் வரைக்கும் இடது காலை ஊன்றி நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உட்கார்ந்தபடி கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் கடைக்குப் போய், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, பெரிய தாம்பாளத்தில் அன்றைக்கு உள்ள மாவு முழுவதையும் நானே பிசைந்தேன். மாவு பிசைகிற மெஷின் ஓரமாகச் சும்மா நின்றது. ஒரு மணி நேரம் அடித்துப் பிசைந்தால் முதுகில் இருந்து வேர்வை ஓடும். அறுபத்தெட்டு வயதில் இதைச் செய்கிறவன் இந்த ஜில்லாவில் இன்னொருத்தன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த மாவில் போட்ட பரோட்டாவுக்கு இருந்த மென்மையைச் சாப்பிட வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மாத்திரை ஒரு வேளையும் தப்பவில்லை. நாள் தவறாமல் புண்ணுக்குக் கட்டு. சர்க்கரைப் பிரிவில் ஒரு நர்ஸம்மா இருந்தார், சுரண்டை பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். வாயில் போகிறது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் வீட்டில் யாரையும் எழுத விடவில்லை. பெரிய பெரிய எழுத்தாக நானே எழுதினேன். கீரை, பயறு, புடலங்காய். பக்கம் பக்கமாக அதுதான்.

மூன்று மாதம் போனது. மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன், பாராட்டு வாங்குவதற்கு.

காலையில் வெறும் வயிற்றில் எடுத்தது கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரி இறங்கவே இல்லை என்று சொல்லலாம். புண்ணும் பாதி மூடி, அப்படியே நின்றுவிட்டது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். "இன்னும் ஒரு மாசம் பாப்போம்," என்றார். ஒரு மாதம் கழித்து என்ன என்று அவர் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே விருந்து வைக்கிறவன் மூன்று மாதம் காணத் துவையலைத் தின்று என்ன கண்டேன்? அந்தமானில் இருக்கிறவன் சிரிப்பானே என்பதுதான் முதலில் வந்தது. விரலைப் பற்றிய பயம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தது போகவில்லை.

நர்ஸம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இதுல எழுதியிருக்கதுதான் சாப்பிடுதீங்களா?"

"பொய் எழுத எனக்கு எழுத்து காணாதும்மா."

"சரி, கோவப்படாதீங்க. காலையில, மத்தியானம், ராத்திரி எழுதியிருக்கீங்க. நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

"பச்சத் தண்ணி."

அவர் நோட்டைப் புரட்டினார். பிறகு கேட்டார், "கடையில சால்னாவுக்கு உப்பு உரைப்பு பாக்குதது யாரு?"

"நான்தான். வேற எவனுக்கு அந்த நாக்கு உண்டு?"

"அத எங்க எழுதியிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, அது ருசி பாக்குததும்மா. சாப்பாடா அது? நின்னுக்கிட்டே ஒரு வாய். இலை போட்டு ஒக்காந்து சாப்பிட்டாத்தானே சாப்பாடு?"

அவர் சிரிக்கவில்லை. "ஒரு நாள் மட்டும் ஒண்ணு செய்யுங்க. ருசி பாக்க எடுக்கதை வாயில போடாதீங்க. என்னைக்கும் எவ்வளவு எடுப்பீங்களோ அவ்வளவையும் ஒரு தூக்குச்சட்டியில போடுங்க. நாளைக்குக் கட்டுப் போட வரும்போது கொண்டாங்க."

அந்தப் பெண்ணுக்கு என் தொழில் தெரியவில்லை, காட்டிக் கொடுப்போம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் இருந்து தூக்குச்சட்டி கொண்டுபோய் அடுப்படி மேடையில் வைத்தேன். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டியைப் பார்த்தார். "இது பத்தாது அண்ணாச்சி," என்றார்.

"என்னலே பத்தாது?"

"ஒண்ணுமில்ல. பாருங்க."

ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். அன்று மட்டும் வாசத்தை வைத்தே 'சரி' சொன்னேன். சால்னாவை வெறுமனே நாக்கில் வைத்தால் தெரியாது, பரோட்டாவோடு பார்க்க வேண்டும். முதல் ஈடு பரோட்டா பதம் பார்க்கவும் ஒன்றைப் பிய்க்க வேண்டும். சால்னாவில் தோய்த்தது சட்டிக்குள் போனது. கோழி வறுவலில் ஒரு துண்டு, வெந்ததா என்று பார்க்க எலும்பு ஓரத்தில் இன்னொரு துண்டு. காடையில் ஒரு கால். ஏழு மணிக்கு அண்டா பாதி இறங்கும், தண்ணீரும் மசாலாவும் சேர்த்துக் கொதிக்க விடுவார்கள், அதற்கு மறுபடியும் பார்க்க வேண்டும். அதற்குள் கல்லில் ஆள் மாறியிருப்பார், அவர் கைப் பரோட்டாவையும் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு இன்னொரு தரம். நடுவில் ஒரு வாடிக்கையாளர், "அண்ணாச்சி, உரைப்பு தூக்கலா இருக்கே," என்றார். அதற்கும் ஒன்று.

ஏழரை மணிக்கே சட்டி நிரம்பிவிட்டது. மாஸ்டர் எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். என் மனைவி இரண்டையும் திறந்தாள். மைதாவும் எண்ணெயும் கோழிக் கொழுப்பும் உறைந்துபோய்க் கிடந்தன. நான்கு பரோட்டாவுக்கு மேல் இருக்கும்.

"இது யாருக்கு?"

"எனக்கு. ருசி பாத்தது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்கன ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்க்கு யோசிச்சு யோசிச்சு அவியல் வச்சுட்டு இருக்கேன். நீங்க அங்கன தெனமும் ஒரு ஆளு சாப்பாட்ட நின்னுக்கிட்டே தின்னுட்டு வாரீங்க."

சட்டியை மூடி வைத்தேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை. சத்தியமாக அதைச் சாப்பாடு என்று நினைத்ததே கிடையாது. அடுப்படியில் நிற்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

நர்ஸம்மாவிடம் அந்தச் சட்டியைக் காட்டியபோது அவர் ஒரு வரி மட்டும் சொன்னார், "அண்ணாச்சி, ஒங்க வைராக்கியத்துல ஒரு கொறையும் இல்ல. ஓட்டை வேற எடத்துல இருந்துருக்கு."

ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் அடைக்கத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் இது கோழியை விட்ட மாதிரி சின்ன விஷயம் இல்லை. கோழியை விட்டால் நான் கோழி தின்னாதவன், அவ்வளவுதான். ருசி பார்ப்பதை விட்டால் நான் யார்? பாதி ராஜ்யத்தைக் கொடுத்த மாதிரி. கொஞ்சமாக எடுத்துத் துப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் வாயை எனக்குத் தெரியும். ஒரு தரம் உள்ளே போனால் அது துப்பாது.

அன்று மூன்றரை மணிக்கே கடைக்குப் போய் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"மாஸ்டர், இன்னையில இருந்து நீரு பாரும்."

"எத அண்ணாச்சி?"

"ருசிய. நீரு சரின்னா சரி."

மனிதர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு ஒண்ணுன்னா ஏம்மேலதான் விழும்."

"விழட்டும்வே. இருவது வருஷமா ஆக்குதீரு, ஒம்ம சால்னா என்ன ருசின்னு ஒமக்குத் தெரியுமா?"

"வாசத்துல தெரியும்."

"இனி நாக்குலயும் தெரிஞ்சுக்கிடும்."

ஐந்து மணிக்கு அவர் ஒரு துண்டு பிய்த்து, தோய்த்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எச்சில் ஊறியது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கண்ணிலும் தண்ணீர் வந்தது. ரொம்ப நேரம் மென்றார். பிறகு "சரி" என்றார், எனக்கே கேட்காத குரலில்.

"சத்தமாச் சொல்லும்வே!"

"சரி அண்ணாச்சி!"

கரண்டி இறங்கியது.

நான்காம் நாள்தான் சோதனை வந்தது. பல வருடமாக ஓரத்து டேபிளில் உட்காருகிற ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருவர், இலையில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "என்னவே, இன்னைக்கு உப்பு கரிக்கி. நீரு பாக்கலையோ?"

பக்கத்து டேபிள்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். என் கை தன்னால் பரோட்டா அடுக்குக்குப் போய்விட்டது. ஒரு வாய் போட்டால் உப்பா, புளிப்பா, எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று நொடியில் சொல்லிவிடுவேன். பரோட்டாவை விரல் தொட்டது. மெத்தென்று இருந்தது. நான் பிசைந்த மாவு. அடுப்படி வாசலில் மாஸ்டர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கையை எடுத்துத் துண்டில் துடைத்தேன்.

"நான் பாக்குதது இல்ல இப்ப. மாஸ்டர்தான். மாஸ்டர், இவரு உப்புன்னு சொல்லுதாரு. நீரு என்ன சொல்லுதீரு?"

மாஸ்டர் உள்ளே போய் ஒரு வாய் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டாந்தரம் கொதிக்க விட்டதுல கொஞ்சம் கூடிட்டு. மாத்துதேன்," என்றார். மாற்றிக்கொடுத்தார். போலீஸ்காரர் இலையை வழித்துவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை.

ஒரு மாதத்தில் புண் சுருங்கியது. டாக்டரம்மா இன்னொரு மாதம் அவகாசம் கொடுத்தார். அடுத்த மாதம் மூடியே விட்டது. அடுத்த தரம் எடுத்த சராசரியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதல் தரமாகச் சிரித்தார். மாத்திரை நிற்கவில்லை, நிற்கும் என்று அவர் சொல்லவும் இல்லை. விரலில் நகம் போனது போனதுதான். போன உணர்ச்சியும் திரும்பவில்லை. ஆனால் விரல் என் காலில்தான் இருக்கிறது.

இப்போது வார் வைத்துக் கட்டின செருப்பு போட்டுக்கொண்டு, காலையில் தென்காசியில் இருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் வரைக்கும் நடக்கிறேன். அருவியில் நிற்கிறேன். வெறுங்காலோடு பாறையில் நடக்கக் கூடாது என்பதால் செருப்போடேயே நிற்கிறேன், பார்க்கிறவன் பார்க்கட்டும். போகும்போது வாசல் வாசலாக நின்று கூப்பிட்டு நான்கு பேரைச் சேர்த்திருக்கிறேன். நான்கு பேருக்கும் சர்க்கரை. ஒருவர் இனிப்புக் கடைக்காரர். பாகு பதம் பார்க்கிறது யாரு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நான்காம் நாள் வந்துவிட்டார்.

டாக்டரம்மா சிரித்த அன்றைக்கே அந்தமானுக்கு நானே போன் போட்டேன்.

"என்ன அத்தான், வெரலு இருக்கா?"

"பத்தும் இருக்குலே. எண்ணிக்கிட்டுத்தான் போன் போடுதேன்."

"கோழிய விட்டீங்களா?"

"கோழி கெடக்கட்டும். நான் விட்டத நீ விட்டுருக்க மாட்ட."

"எத விட்டீங்க?"

சொன்னேன். தூக்குச்சட்டியில் இருந்து போலீஸ்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தான், இது பெரிய காரியந்தான்," என்றான்.

"பெறகு? ஆடிச் சாரலுக்கு வாரியா? இங்கேருந்து அஞ்சருவி வரைக்கும் நடப்போம். மேட்டுல ஏறுதோம்னு சொல்லுதீயே, எங்க ரோட்ட நடந்து காட்டு பாப்போம்."

"வாரேன். ஆனா நான் முன்னால போயிட்டா, ஒங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்."

"நீ மொதல்ல வாலே," என்றேன்.